எந்தப் பேச்சில் அழுவது?

ஒரு நடிப்புப் பள்ளியின் பாடத்திட்டத்தை யாரும் இலக்கியம்போல வாசிப்பதில்லை. தகுதி என்ன, கட்டணம் எவ்வளவு, ஹாஸ்டல் உண்டா என்று பார்த்துவிட்டு மூடிவிடுவோம். ஆனால் அது நிதானமாக வாசிக்க வேண்டிய பிரதி. ஒவ்வொரு பாடத்திட்டமும் 'நடிகர் என்பவர் யார்' என்ற கேள்விக்கு ஒரு பதிலை உள்ளே வைத்திருக்கிறது. வெளிப்படையாகச் சொல்லாது. உடற்பயிற்சிக்கு எத்தனை மணி நேரம், நாடக வரலாற்றுக்கு எத்தனை மணி நேரம், கேமரா முன்னால் எவ்வளவு, பார்வையாளர் முன்னால் எவ்வளவு, ஒத்திகை எந்த மொழியில் என்ற பங்கீட்டில் அந்தப் பதில் இருக்கும். ஒரு நாவலாசிரியர் எதை விரித்து எழுதுகிறார், எதைத் தாண்டிப் போகிறார் என்பதை வைத்து அவருடைய பார்வையைச் சொல்கிறோம் இல்லையா, அதே வாசிப்பு இங்கேயும் செல்லும்.

இந்தக் கட்டுரை அப்படியொரு வாசிப்பு. எங்கிருந்து வாசிக்கிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எனக்குக் கூடங்குளம். எங்கள் பக்கத்தில் ஒரு படிப்பின் மதிப்பு, அது எந்த கேட்டைத் திறந்து உள்ளே விடும் என்பதில்தான் இருக்கிறது. ஆளுக்கு ஆயிரம் மெகாவாட் என்று இரண்டு அணு உலைகள் ஓடுகின்றன. செட்டிகுளம் பக்கம் அணுவிஜய் நகர் என்ற தனி ஊரே இருக்கிறது. ஐடிஐ படித்தால் எந்த கேட், டிப்ளமோ என்றால் எந்த கேட், பி.இ. என்றால் எந்த கேட் என்று டீக்கடையில் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியும். நானும் அந்தக் கணக்கில்தான் இன்ஜினீயரிங் போனேன். கட்-ஆஃப், ரேங்க், கவுன்சலிங் என்று எல்லாம் வரிசையாக இருந்தன. நான் தேர்ந்தெடுத்ததாகச் சொல்வதைவிட, பட்டியல் என்னைத் தேர்ந்தெடுத்தது என்று சொன்னால் சரியாக இருக்கும்.

நடிப்புக்கு அப்படிப் பட்டியல் கிடையாது. பிளஸ் டூ முடித்த என் சித்தி மகன் நடிப்புதான் படிப்பேன் என்று நிற்கிறான். போனில் மூன்று கேள்வி கேட்டான். "அண்ணே, இதுக்கு டிகிரி உண்டா? டெல்லிக்குப் போனா இந்தி தெரியணுமாம்லா? நம்ம பேச்சு அங்கெல்லாம் ஒத்து வருமா?" பின்னால் இருந்து சித்தி நாலாவது கேள்வியைப் போட்டார். "படிச்சி முடிச்சா மறுநாள் என்னல செய்வான்?" காகிதம், மொழி, பேச்சு, மறுநாள். யோசித்துப் பார்த்தால், எந்த நடிப்புப் பள்ளியையும் விமர்சிக்க இந்த நான்கு கேள்வியே போதும்.

*

முதலில் காகிதம். டெல்லி தேசிய நாடகப் பள்ளி 1959இல் சங்கீத நாடக அகாதமியின் கீழ் தொடங்கப்பட்டது. அங்கே நடப்பது மூன்றாண்டு டிப்ளமோ. அதில் சேரவே ஏதாவது ஒரு பட்டம் வேண்டும், நாடகங்களில் பங்கெடுத்த அனுபவமும் வேண்டும். புனே திரைப்பட நிறுவனம் 1960இல் பழைய பிரபாத் ஸ்டுடியோ வளாகத்தில் தொடங்கியது. அங்கே திரைநடிப்புப் படிப்பு இரண்டு ஆண்டு. அதற்கும் பட்டம் முன்தேவை. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் நாடகப் படிப்பு, முதுகலை. நிகழ்த்துகலையில் முதுகலை என்பதைச் சுருக்கினால் எம்.பி.ஏ. சொந்தக்காரர்கள் வேறு ஏதோ நினைத்துச் சந்தோஷப்பட்டால் நாம் திருத்த வேண்டியதில்லை.

ஆக, பிளஸ் டூ முடித்த கையோடு இந்த மூன்று வாசலும் திறக்காது. அந்த வயதில் திறக்கிற வாசல் ஒன்று கேரளத்தில் இருக்கிறது. கோழிக்கோடு பல்கலைக்கழகம் திருச்சூரில் 1977இல் ஜி. சங்கரப்பிள்ளை தலைமையில் தொடங்கிய நாடகப் பள்ளி, அரங்கக்கலையில் இளங்கலைப் பட்டம் தருகிறது. கூடங்குளத்திலிருந்து சென்னைக்குப் போகிற தூரத்தில் ஏறக்குறைய பாதிதான் திருச்சூர். ஆனால் எங்கள் வீடுகளில் நடிப்பு என்று சொன்னதும் எல்லோருடைய கண்ணும் சென்னைப் பக்கம்தான் திரும்புகிறது.

சென்னையில் என்ன இருக்கிறது? தரமணியில் தமிழ்நாடு அரசு எம்.ஜி.ஆர். திரைப்படம் மற்றும் தொலைக்காட்சி நிறுவனம். ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு, இயக்கம் - திரைக்கதை, அனிமேஷன் என்று இளங்கலைக் காட்சிக்கலைப் பட்டங்கள் தருகிறார்கள். அந்தப் பட்டியலில் நடிப்பு தனிப் பட்டமாக இல்லை. கேமராவுக்குப் பின்னால் நிற்பவருக்குப் படிப்பு வேண்டும், முன்னால் நிற்பவருக்கு முகம் இருந்தால் போதும் என்பது இந்தப் பட்டியலின் மௌனமான வாதம். ஒரு நடிகரின் பெயரையே தாங்கிய நிறுவனம் என்பதால் இந்த மௌனம் கூடுதலாகக் கேட்கிறது. இதே ஊரில் எழுபதுகளின் தொடக்கத்தில் திரைப்பட வர்த்தக சபை நடத்திய நிறுவனத்தில் நடிப்பு ஒரு பாடமாக இருந்தது. பெங்களூரில் பஸ் கண்டக்டராக இருந்த ஒருவர் அங்கே வந்து படித்துத்தான் ரஜினிகாந்த் ஆனார். அவரைக் கண்டுபிடித்த பாலசந்தர் தந்த முக்கியமான அறிவுரை, தமிழைக் கற்றுக்கொள் என்பது. பேச்சு பற்றிய கேள்வி அப்போதே இருந்திருக்கிறது.

நடிப்பு என்ற வாசல் இல்லாததால் பையன்களும் பெண்களும் விஸ்காம் பக்கம் போகிறார்கள். விஸ்காம் நல்ல படிப்பு, ஆனால் அது நடிப்புப் படிப்பு இல்லை. புகைப்படம், விளம்பரம், ஊடகக் கோட்பாடு, குறும்படம் என்று போகும். குறும்படத்தில் நண்பனுக்காக நடிக்கலாம். நடிப்பைச் சொல்லித்தருகிறவர் அங்கே இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

அமெரிக்காவில் இதே தடுமாற்றம் வேறு பெயரில் நடக்கிறது. பி.ஏ. நாடகமா, பி.எஃப்.ஏ. நடிப்பா என்று அங்கே பிள்ளைகள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். முதலாவதில் நாடகத்தோடு வரலாறு, இலக்கியம், அறிவியல் என்று பலதும் படிக்கலாம். இரண்டாவதில் நாள் முழுக்க உடல், குரல், ஒத்திகைதான். அந்தக் கேள்வியை நம் ஊருக்குக் கொண்டுவந்தால் ஒரு விஷயம் தெளிவாகிறது. நமக்கு இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் ஒரே கல்லூரியில் தேட வேண்டிய அவசியமில்லை. முதல் மூன்று ஆண்டு பாளையங்கோட்டையிலோ நாகர்கோவிலிலோ தமிழோ ஆங்கிலமோ வரலாறோ படித்துக்கொண்டே மேடை ஏறலாம். டெல்லியும் புனேவும் புதுச்சேரியும் அதற்குப் பிறகுதான் வருகின்றன. கையில் பட்டம் இருந்தால் அரசுத் தேர்வு எழுதுகிற வழியும் அடைபடாது. சித்தியிடம் பேச இது உதவும்.

*

இரண்டாவது கேள்விக்குப் போகுமுன் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். நடிப்பைச் சொல்லித்தருவது நமக்கு டெல்லியிலிருந்து வந்த யோசனை இல்லை. சங்கரதாஸ் சுவாமிகள் 1867இல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர், அதாவது எங்கள் சீமைக்காரர். 1910இல் சமரச சன்மார்க்க நாடக சபை, 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபை என்று நடத்தினார். சிறுவர்களே எல்லா வேடமும் கட்டும் பாய்ஸ் கம்பெனிகள்தாம் நம்முடைய முதல் நடிப்புக் கல்லூரிகள். டி.கே.எஸ். சகோதரர்கள் அவரிடம் பயின்றார்கள். சிவாஜி கணேசன் ஏழு வயதையொட்டி இப்படியொரு கம்பெனியில் சேர்ந்தார். எம்.ஜி.ஆர். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி. அவ்வை சண்முகத்தின் 'எனது நாடக வாழ்க்கை'யை ஒருவகையில் அந்தக் கல்லூரியின் பாடத்திட்டமாகவே வாசிக்கலாம்.

அந்தப் பாடத்திட்டத்தைக் கொண்டாட வேண்டியதில்லை. குழந்தைப் பருவத்தை விலையாகக் கேட்ட படிப்பு அது. அடி உண்டு. வீட்டை விட்டுப் பிரிய வேண்டும். பெண் வேடத்தையும் பையன்களே கட்டினார்கள். பாடித்தான் நடிக்க வேண்டும் என்பதால், மகரக்கட்டு வந்து குரல் உடைந்த பையனுக்குத் திடீரென்று எதிர்காலம் இல்லாமல் போகும். ஆனால் இன்றைய நிறுவனங்களை அளக்க மூன்று அளவுகோல்களை அது விட்டுச் சென்றிருக்கிறது. மாணவர் அடிக்கடி உண்மையான பார்வையாளர் முன்னால் நின்றார். தன் மொழியில் நின்றார். கற்றுக்கொள்ளும் இடமும் வேலை செய்யும் இடமும் ஒன்றாக இருந்தன.

சுவாமிகள் 1922இல் புதுச்சேரியில் காலமானார். பின்னாளில் அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் நாடகப் பள்ளி வந்தபோது அவர் பெயரையே வைத்தார்கள். அதைத் தொடக்கத்தில் நடத்தியவர் இந்திரா பார்த்தசாரதி. பின்னர் கே.ஏ. குணசேகரன் போன்ற நாட்டார் பாடகர் - ஆய்வாளர் அதற்குத் தலைமை ஏற்றார். நாடக ஆசிரியர் ஒருவர், நாட்டார் கலைஞர் ஒருவர் என்ற இந்த வரிசையே ஒரு பாடத்திட்டம்தான். எழுதப்பட்ட நாடகமும் மண்ணில் கிடக்கிற ஆட்டமும் ஒரே வளாகத்தில் சந்திக்க வேண்டும் என்ற ஆசை அதில் தெரிகிறது.

எங்கள் சீமையிலிருந்து இன்னொருவர் சே. ராமானுஜம். நாங்குநேரிக்காரர். டெல்லியில் இப்ராஹிம் அல்காஸியிடம் பயிற்சி பெற்றார். காந்திகிராமத்தில் பணியாற்றினார். சங்கரப்பிள்ளையோடு சேர்ந்து கேரளத்தின் நாடகக் களரி இயக்கத்தில் உழைத்தார். திருச்சூர் பள்ளியில் கற்பித்தார். கடைசியில் தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழக நாடகத்துறைக்கு வந்தார். 2016இல் மறைந்தார். இன்று ஒரு மாணவன் எதைத் தேர்ந்தெடுப்பது என்று திகைக்கும் பெயர்களில் பாதி, ஒரே மனிதரின் வாழ்க்கைத் தடத்தில் இருக்கிறது. அவருடைய 'வெறியாட்டம்' யூரிப்பிடிஸின் டிராய்ப் பெண்களைத் தமிழுக்குக் கொண்டுவந்த நாடகம். போரில் எல்லாவற்றையும் இழந்த கிரேக்க நாடகத்துப் பெண்களின் துக்கத்தை அவர் நம்முடைய ஒப்பாரியில் வைத்தார். அந்தப் பெண்கள் எந்தப் பேச்சில் அழ வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்ட கேள்விக்கு அது பதில். டெல்லியில் கற்ற மேடைக் கட்டுப்பாடும் இழவு வீட்டின் குரலும் சேர்ந்த பிறகுதான் அது கிடைத்தது. கன்னடத்தில் பி.வி. காரந்தும் இப்படித்தான். குப்பி வீரண்ணா கம்பெனியில் சிறுவனாக இருந்தவர், தேசிய நாடகப் பள்ளியில் படித்தார், பிறகு அதற்கே இயக்குநரானார். டெல்லிக்குப் போகும்போது கையில் ஒரு மொழியும் ஒரு பாட்டும் ஏற்கெனவே இருந்தன.

*

இப்போது மொழி. தேசிய நாடகப் பள்ளியில் பெரும்பாலும் நாடகம் போடுவது இந்தியில். மேடை உருவாக்கம், ஒளி, உடல், உலக நாடகம் என்று அங்கே கிடைக்கும் பயிற்சிக்கு இந்தியாவில் ஈடு குறைவு. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் பதினெட்டு வயது வரை தமிழ் மட்டுமே பேசிய ஒருவர் அங்கே போனால், முதலில் அவருடைய வேகம் குறையும். சொல்லின் அர்த்தத்தை நினைத்துக்கொண்டு, உச்சரிப்பை நினைத்துக்கொண்டு, அதற்குப் பிறகு உணர்ச்சிக்கு வருவார். கூடப் படிக்கும் லக்னோக்காரர் நேராக உணர்ச்சியிலிருந்து தொடங்குவார். மதிப்பீடு செய்பவருக்கு இரண்டாவது நடிகர் இயல்பானவராகத் தெரிவார். திறமைக் குறைவு என்று பதிவாவது பல நேரம் மொழிபெயர்ப்புத் தாமதம்தான். நெட்வொர்க் தாமதத்தை மென்பொருளின் பிழை என்று பதிவு செய்கிற மாதிரி.

வேறு மொழியில் நடிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தெரியாத மொழியில் நிற்கும்போது உடல் கூர்மையாகும், சொல்லின் ஒலி புதிதாகக் கேட்கும். ஆனால் அது இரண்டாவது பாடமாக இருக்க வேண்டும். தன் பேச்சில் எது உண்மை, எது பொய் என்று காதுக்குப் பழகிய பிறகு போகிறவருக்கு அது லாபம். பழகாமல் போகிறவர் இரண்டு மொழியிலும் நாடகப் பேச்சு பேசக் கற்றுக்கொண்டு திரும்பி வரும் ஆபத்து உண்டு. பெங்களூரில் தேசிய நாடகப் பள்ளியின் மையம் ஓராண்டு நடிப்புப் படிப்பு நடத்துகிறது. டெல்லிக்கு நேராகப் பாய்வதைவிட அது நமக்கு நிதானமான படி.

மூன்றாவது கேள்வி, பேச்சு, இதைவிடக் கடினம். எல்லா நடிப்புப் பள்ளியிலும் 'குரல்' என்று ஒரு வகுப்பு இருக்கும். அந்தக் குரல் எந்த ஊர்க் குரல் என்று யாரும் கேட்பதில்லை. லண்டனில் 1904இல் தொடங்கிய ராயல் அகாடமி உள்ளிட்ட பள்ளிகள் வெகுகாலம் மாணவர்களின் வட்டாரப் பேச்சைச் சீவி ஒரே மாதிரியான மேட்டுக்குடி ஆங்கிலத்துக்கு மாற்றின. ஐம்பதுகளில் சால்ஃபோர்டு என்ற தொழில் நகரத்திலிருந்து அங்கே படித்து வந்த ஆல்பர்ட் ஃபின்னி, 1960இல் வந்த 'சாட்டர்டே நைட் அண்ட் சண்டே மார்னிங்' படத்தில் ஒரு தொழிற்சாலைத் தொழிலாளியாகத் தொழிலாளியின் பேச்சிலேயே நடித்தார். இங்கிலாந்துத் திரையில் பிறகு வந்த மாற்றங்களுக்கு அது ஒரு முக்கியமான கதவு.

நம் திரையில் நெல்லைப் பேச்சுக்கு இரண்டு வேலைதான் கொடுத்து வைத்திருந்தார்கள். சிரிக்க வைக்க வேண்டும், இல்லையென்றால் அரிவாளைத் தூக்க வேண்டும். 'ஏலே' என்று தொடங்கினாலே தியேட்டர் எதற்கோ தயாராகிவிடும். அந்தப் பேச்சில் ஒருவர் கூச்சப்படலாம், யோசிக்கலாம், மகனுக்காக அவமானப்பட்டு அழலாம் என்பதை 2018இல் வந்த மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' காட்டியது. அதில் தகப்பனாக வந்த நெல்லை தங்கராஜ் ஒரு நாட்டார் கலைஞர். பெண் வேடம் கட்டி ஆடியவர். படத்தில் அவர் ஏற்ற பாத்திரமும் அதே தொழில்தான். 2023இல் இறந்துபோனார். அந்த ஓட்டத்தில் அவர் உடம்பு செய்ததை எந்தப் பள்ளி தந்தது? கொடை விழாக்களின் இரவுகள் தந்தன, நின்று பார்த்த கூட்டம் தந்தது.

எங்கள் பக்கத்தில் அப்படிப்பட்ட பள்ளிகள் சுவரில்லாமல் இருக்கின்றன. சுடலைமாடன் கொடையில் கணியான் கூத்து பாருங்கள். அண்ணாவி பாடுவார், மகுடம் அடிப்பார்கள், பெண் வேடமிட்ட ஆண்கள் ஆடுவார்கள். கதை எல்லோருக்கும் தெரியும். தெரிந்த கதையை வைத்து விடியும்வரை கூட்டத்தை உட்கார வைப்பது சாதாரண நடிப்புப் பயிற்சி இல்லை. வில்லுப்பாட்டில் பின்பாட்டுக்காரர் போடும் ஒரு 'ஆமா'வில் எத்தனை தினுசு! கேள்வி, கேலி, பயம், பக்தி எல்லாம் அந்த இரண்டெழுத்தில் வரும். 2011, 2012இல் இடிந்தகரை லூர்து மாதா கோயில் முன்பந்தலில் மைக் பிடித்துப் பேசிய பெண்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். அணு உலை பற்றிய வாதம் ஒருபக்கம் இருக்கட்டும். மேடை ஏறிப் பழகாத பெண்கள், கடற்கரைப் பேச்சை ஒரு சொல் மாற்றாமல், கேமராக்களுக்கு நடுவே கூட்டத்தைப் பிடித்து நிறுத்தினார்கள். குரல் வகுப்பில் இந்தப் பேச்சு பாடமாக வைக்கப்படுகிற நாள் வந்தால், அந்தப் பள்ளிக்கு நானே விளம்பரம் எழுதித் தருவேன்.

எதிர்வாதமும் நியாயமானதே. ஊர்ப் பேச்சு மட்டும் போதும் என்று இருந்தால், காலம் முழுக்க ஊர்க்காரராக மட்டும்தான் நடிக்க விடுவார்கள். தங்கராஜுக்கும் அப்படியொரு படம் வர எத்தனை காலம் ஆனது என்று பாருங்கள். பயிற்சி என்பது இன்னொரு பேச்சையும் இன்னொரு உடம்பையும் சம்பாதிப்பது. அதனால் பள்ளி வேண்டும். முதல் பேச்சைப் பிடுங்கிக்கொள்ளாமல் இரண்டாவதைத் தரும் பள்ளியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

*

கடைசியாக, சித்தியின் கேள்வி. படிப்பு முடிந்த மறுநாள் என்ன? இதற்கு நான் அறிந்து நல்ல பதில் வைத்திருப்பது கர்நாடகத்தில் ஹெக்கோடு என்ற சிற்றூர். கே.வி. சுப்பண்ணா வளர்த்த நீநாசம் அமைப்பு 1980இல் நாடகப் பள்ளி தொடங்கியது. பத்து மாதப் படிப்பு. 1985இல் திருகாட்ட என்ற சுற்றுப்பயணக் குழுவையும் தொடங்கினார்கள். பயிற்சி பெற்றவர்கள் ஊர் ஊராகப் போய் நாடகம் போடுகிறார்கள். பள்ளியே பார்வையாளரையும் வளர்க்கிறது. பாய்ஸ் கம்பெனியின் நல்ல பாதியை மட்டும் எடுத்துக்கொண்ட மாதிரி.

தமிழில் ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறை பட்டமோ டிப்ளமோவோ தராமலேயே இதற்கு நெருக்கமாக வந்தது. பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் என்று அங்கிருந்து வந்த நடிகர்களைப் பார்த்தாலே தெரியும், ஒருவர் மாதிரி இன்னொருவர் இல்லை. விஜய் சேதுபதி அங்கே கணக்கெழுதப் போனவர், ஒத்திகையைப் பார்த்தே கற்றார். ஆனால் நவீன நாடகத்துக்காகக் கட்டிய பட்டறையை வெளியுலகம் சினிமாவுக்கு ஆள் அனுப்பும் இடமாகத்தான் நினைவில் வைத்தது. குறை பட்டறையுடையது அல்ல. நாடகம் பார்க்கக் காசு கொடுக்கும் கூட்டத்தை நாம் அவர்களுக்குத் தரவில்லை.

ஆகவே என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். கேமராதான் வேண்டும் என்றால் புனே, அதுவும் பட்டத்துக்குப் பிறகு. பிளஸ் டூ முடித்ததுமே முழுநேரமும் நாடகம்தான் என்று மனசு பிடிவாதமாக இருந்தால், மலையாளம் கற்கத் தயார் என்றால், திருச்சூர். தமிழில் நின்று யோசிக்க வேண்டும் என்றால், பக்கத்துக் கல்லூரியில் ஒரு பட்டம், அந்த மூன்று ஆண்டும் கிடைத்த மேடை எல்லாம், விடுமுறையில் கொடைகள், பிறகு புதுச்சேரி. டெல்லி கடைசியாக வரட்டும், தன் பேச்சு தனக்குக் கெட்டிப்பட்ட பிறகு.

எங்கே விண்ணப்பித்தாலும், அங்கே படிக்கிற ஒருவரைப் பிடித்துக் கேளுங்கள். போன வருஷம் எத்தனை நாள் பார்வையாளர் முன்னால் நின்றாய், எந்த மொழியில் நின்றாய், உன் ஊர்ப் பேச்சைக் கேட்டு ஆசிரியர் திருத்தினாரா இல்லை ஆர்வமாகக் கேட்டாரா, உன் சீனியர்கள் இப்போது என்ன செய்கிறார்கள். கட்டடம், ஸ்டுடியோ, வந்துபோன பிரபலங்களின் போட்டோ இதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

விண்ணப்பப் படிவத்தில் 'தாய்மொழி' என்று ஒரு கட்டம் இருக்கும். இன்ஜினீயரிங் படிவத்திலும் இருந்தது. 'தமிழ்' என்று எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போனேன், அதற்குப் பிறகு நான்கு வருஷம் யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. நடிப்புப் பள்ளியின் படிவத்தில் அந்தக் கட்டத்தில் கொஞ்சம் நிறுத்துங்கள். நீங்கள் எழுதும் பதிலை அந்தப் பள்ளி மூன்று வருஷமும் பயன்படுத்துமா, இல்லை கோப்பில் போட்டு மூடிவிடுமா என்று தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள்.